போனில் 3ஏ, தியேட்டரில் 3பி: திறந்த முறிவுக்கு எந்த அளவுகோல்?

ராத்திரி பதினொன்றரை மணிக்குப் போன். பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம், பெருநிலத்திலுள்ள ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் இளம் டாக்டர் பேசினார். “அண்ணே, ஒரு கேஸ் அனுப்புறோம். கப்சாய் பைக், லொறியில மோதியிருக்கான். வலது கால், முட்டிக்குக் கீழே திறந்த முறிவு. 3ஏ. ரத்த ஓட்டம் நல்லா இருக்கு.” சரி, அனுப்புங்க என்றேன். எலும்பு உடைந்த இடத்தில் தோலும் கிழிந்திருந்தால் திறந்த முறிவு. அதில் 3ஏ என்றால் இருக்கிற தோலும் சதையும் எலும்பை மூடப் போதும் என்று அர்த்தம். பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரைத் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

விடியற்காலை இரண்டு மணிக்கு ஆபரேஷன் தியேட்டரில் கட்டைப் பிரித்தோம். ஒன்பது லிட்டர் உப்பு நீரில் கழுவி, செத்த சதையையெல்லாம் வெட்டியெடுத்த பிறகு பார்த்தால், டிபியா என்கிற அந்தக் கீழ்க்கால் எலும்பு மூன்று விரல் அகலத்துக்கு வெறுமையாக நின்றது. மேல்சவ்வு உரிந்திருந்தது. இழுத்து மூடத் தோல் இல்லை. வேறு இடத்திலிருந்து சதையை எடுத்துப் போர்த்தினால்தான் உண்டு. அதாவது 3பி. பக்கத்தில் நின்ற மூத்த நர்ஸ் அக்கா முகக்கவசத்துக்குப் பின்னாலிருந்து கேட்டார்: “என்ன டாக்டர், போன்ல ஒண்ணு, நேர்ல ஒண்ணா?”

நாலு மணிக்கு வெளியே வந்தபோது பையனின் மாமா காத்திருந்தார். பையன் பிறைத் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் வேலைக்குப் போகிறவன், வயது 23. “லோங்காங்குக்குள்ளதான் கிடந்தானாம் டாக்டர், முட்டி வரைக்கும் தண்ணி” என்றார். சாக்கடைத் தண்ணீர். போனில் அந்தப் பேச்சே வரவில்லை. கேஸோடு வந்த தாளிலும் இல்லை. தாளில் இருந்தது ‘3ஏ’ மட்டும்.

அந்த இளம் டாக்டரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவசரப் பிரிவில் ரத்தம் வழியும் காயத்தை அரை நிமிடம் பார்த்து மூடினார். அப்படித்தான் மூடவும் வேண்டும், திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பதுதான் தப்பு. நான் பார்த்ததோ கழுவி, வெட்டி, விளக்கடியில் விரித்த காயம். அவரிடம் ஒரு தரத்தைக் கேட்டு வட்டம் போடச் சொன்னது எங்கள் தாள்.

அந்தத் தாளைத் திருத்தி எழுதும் வேலை அடுத்த கூட்டத்தில் என் தலையில் விழுந்தது. பழைய தாளில் ‘தரம்’ என்று ஒரு கட்டம், அதில் 1, 2, 3ஏ, 3பி, 3சி. அந்த இடத்தில் எதை வைக்கலாம்? போட்டியில் மூன்று: குஸ்டிலோ வகைப்பாடு, அமெரிக்காவின் ஓடிஏ வகைப்பாடு, கோயம்புத்தூர் கங்கா ஸ்கோர். மூன்றையும் இதே பையனின் காலில் போட்டுப் பார்ப்பதென்று முடிவு செய்தேன்.

முதலில் குஸ்டிலோ. ரமோன் குஸ்டிலோ பிலிப்பைன்ஸில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்தவர், நம் பக்கத்து வீட்டுக்காரர் என்றே சொல்லிக்கொள்ளலாம். மினியாபோலிஸ் நகரத்தில் ஜான் ஆண்டர்சனோடு சேர்ந்து 1,025 திறந்த முறிவுகளைப் பார்த்து எழுதிய கட்டுரை 1976இல் வந்தது. காயம் ஒரு சென்டிமீட்டருக்குள், சுத்தமாக இருந்தால் முதல் தரம். அதற்கு மேல், ஆனால் சதை பெரிதாக நசுங்கவில்லை என்றால் இரண்டாம் தரம். சதை நசுங்கி, எலும்பு சிதறி, பலமான அடியாக இருந்தால் மூன்றாம் தரம். வயலில் பட்ட அடி, துப்பாக்கிக் குண்டு, எட்டு மணி நேரத்துக்கு மேல் கவனிக்காமல் கிடந்தது, இவையெல்லாம் காயம் எவ்வளவு சின்னதானாலும் மூன்றுதான். மூன்றாம் தரம் மிக அகலமாக இருந்ததால் 1984இல் அதை மூன்றாகப் பிரித்தார்கள். எலும்பை மூடப் போதிய சதை இருந்தால் ஏ. சவ்வு உரிந்து எலும்பு வெளியே நின்று, போர்த்த வேறு சதை தேவைப்பட்டால் பி. தைத்தே தீர வேண்டிய ரத்தக்குழாய்க் காயம் இருந்தால் சி.

ஏறக்குறைய அரை நூற்றாண்டாக இது நிற்பதற்குக் காரணம் சுலபம். ஓர் எண், ஓர் எழுத்து. போனில் சொல்லலாம், விரல் நுனியில் எழுதலாம், கோலாலம்பூரில் சொன்னாலும் கோத்தா கினபாலுவில் சொன்னாலும் புரியும். மருந்துப் பட்டியல்களும் இதில்தான் தொங்குகின்றன: முதல் இரண்டு தரத்துக்குச் செஃபாசொலின் போன்ற ஒரு மருந்து, மூன்றாம் தரத்துக்குக் கிராம் நெகட்டிவ் என்கிற இன்னொரு வகைக் கிருமிகளையும் பிடிக்கிற மருந்து. திறந்த முறிவுக்கு ஆன்டிபயாடிக் எவ்வளவு முக்கியம் என்பதை 1974இலேயே பட்ஸாக்கிஸும் அவருடைய சகாக்களும் காட்டிவிட்டார்கள். மருந்தே கொடுக்காதவர்களில் 13.9 சதவீதம் பேருக்குச் சீழ் பிடித்தது, செஃபலோதின் கொடுத்தவர்களில் 2.3 சதவீதம்தான். ஆக, தரம் மாறினால் மருந்து மாறும். பெயரளவுச் சண்டை இல்லை இது.

சரி, தரத்தைச் சொல்வதில் டாக்டர்கள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள்? பிரம்பேக், ஜோன்ஸ் என்ற இருவர் 1994இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. டிபியாவில் திறந்த முறிவு, பன்னிரண்டு பேருடைய காயங்கள், வீடியோவில். பார்த்தவர்கள் 245 எலும்பு முறிவு சர்ஜன்கள். சராசரி ஒற்றுமை 60 சதவீதம். ஒரு கேஸில் 94 வரை போயிருக்கிறது, இன்னொன்றில் 42க்கு இறங்கியிருக்கிறது.

60 என்றால் பாதிக்கு மேல், பரவாயில்லையே என்று தோன்றும். இங்கேதான் ஒரு சின்னக் கணக்கு. எங்கள் வார்டுக்கு வருவதில் பெரும்பகுதி மூன்றாம் தரம் என்று வையுங்கள். இரண்டு டாக்டர்கள் காயத்தைப் பார்க்காமலே, சீட்டுக் குலுக்கி, பத்துக்கு எட்டு முறை ‘மூன்று’ என்றும் மீதி இரண்டு முறை ‘மூன்று இல்லை’ என்றும் சொல்லட்டும். அப்போதுகூட நூற்றுக்கு 68 முறை ஒரே பதில் வரும். எட்டெட்டு 64, ஈரிரண்டு 4. கண்ணை மூடிக்கொண்டே 68! ஆகவே வெறும் சதவீதத்தைப் பார்த்து மகிழவும் கூடாது, பயப்படவும் கூடாது. எத்தனை தரங்கள், எந்த மாதிரி கேஸ்கள் என்பதைப் பொறுத்து அது ஏறி இறங்கும். இந்தக் குருட்டு ஒற்றுமையைக் கழித்துவிட்டு மிச்சத்தை அளக்கத்தான் ஜேக்கப் கோஹன் 1960இல் கப்பா என்ற அளவைத் தந்தார். 0 வந்தால் சீட்டுக் குலுக்கியதற்குச் சமம், 1 வந்தால் முழு ஒற்றுமை. லாண்டிஸும் கோக்கும் 1977இல் போட்ட படிகளின்படி 0.41 முதல் 0.60 வரை நடுத்தரம், 0.61க்கு மேல் நல்லது. அந்தப் படிகளைத் தாங்கள் இஷ்டத்துக்குத்தான் வெட்டினோம் என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள், எனக்குப் பிடித்த நேர்மை அது.

பாலிக் பூலாவில் டுரியான் வாங்கப் போனவர்களுக்கு இந்த விஷயத்தைப் பாதி விளக்கத் தேவையில்லை. கடைக்காரர் பழத்தைக் குலுக்குவார், காம்பை மோந்து பார்ப்பார், கத்திப் பிடியால் தட்டுவார், ‘ஏ கிரேடு’ என்பார். பக்கத்துக் கடைக்காரர் அதே பழத்தை ‘பி’ என்பார். இருவரும் அனுபவசாலிகள்தான். பிளந்து சுளையைக் காட்டினால் சண்டை முக்கால்வாசி தீரும். குஸ்டிலோவின் தரமும் பிளந்து பார்த்துச் சொல்ல வேண்டியதுதான்: முதல் ஆபரேஷனில் செத்ததை வெட்டியெடுத்த பிறகு. பாடப்புத்தகத்தில் எல்லோரும் படிக்கிறோம். ஆனால் போனில் கேட்கிறோம், வாட்ஸ்அப்பில் வரும் ஒரு படத்தைப் பார்த்துக் கேட்கிறோம். தாளிலும் அவசரப் பிரிவிலேயே நிரப்பச் சொல்லிக் கட்டம் போட்டிருக்கிறோம்.

பிளந்த பிறகும் மீதிக் கால்வாசி சண்டை இருக்கும். அது ஏ, பி எல்லையில். ‘எலும்பை மூடப் போதிய சதை’ என்றால் யாருக்குப் போதும்? பிளாஸ்டிக் சர்ஜன் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஆஸ்பத்திரியில், சந்தேகமான காயத்தை ஃபிளாப் போட்டு, அதாவது வேறு இடத்துச் சதையால் போர்த்தி மூடுவார்கள், அது 3பி ஆகிவிடும். அவர் இல்லாத இடத்தில் அதே காயத்தை இழுத்துப் பிடித்துத் தைப்பார்கள், அது 3ஏ. காயத்தின் தரம், ஆஸ்பத்திரியில் யார் டூட்டியில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து மாறுகிறது என்றால் அது காயத்தின் அளவா, ஆஸ்பத்திரியின் அளவா? எங்கள் துறையில் நாங்கள் ஐந்து பேர் இந்தப் பையனின் தியேட்டர் படத்தை வைத்துத் தனித்தனியாக எழுதிப் பார்த்தோம். மூன்று சீட்டில் 3பி, இரண்டில் 3ஏ. 3ஏ எழுதிய இருவரும் பிளாஸ்டிக் சர்ஜன் இல்லாத ஊர்களில் பல வருஷம் வேலை பார்த்தவர்கள். தற்செயலாக இருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை.

வீடியோ ஆய்வுக்கும் எங்கள் சீட்டு விளையாட்டுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. சதை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க நாலு சோதனை சொல்லித் தருவார்கள்: நிறம், இறுக்கம், கிள்ளினால் சுருங்குகிறதா, வெட்டினால் ரத்தம் கசிகிறதா. இதில் படத்தில் தெரிவது நிறம் ஒன்றுதான். ஆகவே நேரில் நின்று தொட்டவர்களின் ஒற்றுமை இன்னும் நன்றாகவே இருக்கலாம். இதை மறைத்துவிட்டு 60ஐ மட்டும் தூக்கிப் பிடிப்பது நியாயமில்லை.

இன்னொரு எண்ணையும் கவனமாகத்தான் பிடிக்க வேண்டும். 1984 கட்டுரையில் சீழ் பிடித்த விகிதம் 3ஏயில் 4 சதவீதம், 3பியில் 52, 3சியில் 42. பரீட்சைக்கு எல்லோரும் மனப்பாடம் செய்வது. அது மொத்தமே 75 நோயாளிகளின் 87 முறிவுகளிலிருந்து வந்த கணக்கு, இன்றைய மருந்தும் ஃபிளாப் நுட்பமும் வருவதற்கு முந்தையது. அந்த மாமாவிடம் நான் ‘3பி’ என்று சொல்லி, அவர் வீட்டுக்குப் போய் இணையத்தில் தேடி ‘52’ என்று படித்துவிட்டு வந்தால் என்ன ஆகும்? வந்தார், மறுநாளே. “பாதிக்குப் பாதியாமே டாக்டர்?” 3பி என்ற ஒரே பெட்டிக்குள் ஐம்பது காசு நாணயம் அளவுக்கு எலும்பு தெரியும் காலும் இருக்கிறது, முட்டியிலிருந்து கணுக்கால் வரை தோல் உரிந்து நிற்கும் காலும் இருக்கிறது என்று அவருக்கு விளக்கக் கால் மணி நேரம் ஆனது.

அடுத்தது ஓடிஏ. அமெரிக்காவின் எலும்பு முறிவு சிகிச்சை சங்கம் 2010இல் வெளியிட்டது. ஒட்டுமொத்தமாக ஒரு தரம் கேட்காமல் ஐந்து கேள்வி கேட்கிறது: தோல், சதை, ரத்தக்குழாய், அழுக்கு, எலும்பு இழப்பு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3. கூட்டல் கிடையாது. நம் பையனுக்கு: தோலின் ஓரங்கள் சேரவில்லை, ஆனால் உறைபோல உரியவில்லை, 2. சதையில் ஓரிடம் செத்து வெட்டினோம், கால் விரல் அசைகிறது, 2. ரத்தக்குழாய்க் காயம் இல்லை, 1. சாக்கடைத் தண்ணீர், 3. எலும்பு சிதறியிருந்தாலும் எதுவும் குறையவில்லை, 1. இதை வாசிக்கிறவருக்குக் கால் கண்முன் வருகிறது. எனக்கு முக்கியமாகப் பட்டது நாலாவது கேள்வி. ‘3ஏ’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒளிந்துகொண்ட லோங்காங், இதில் ஒளிய முடியாது. அழுக்கு எங்கிருந்து என்று கேள்வி கேட்டுவிட்டால் யாராவது பையனையோ தூக்கி வந்தவர்களையோ விசாரித்துத்தான் ஆக வேண்டும். மண், சாக்கடை என்று தெரிந்தால் மருந்தையும் அதற்கேற்ப விரிவாகக் கொடுப்போம், சீக்கிரம் தியேட்டருக்கும் கொண்டுபோவோம். எங்கள் பையன் விஷயத்தில் அந்த விரிவான மருந்து நாலரை மணிக்குத்தான் ஏறியது.

ஒற்றுமை எப்படி? ஒரு பெரிய கேள்வியை ஐந்தாக உடைத்தால் தகராறும் உடைந்து சின்னதாகும். ரத்தக்குழாய்க் கேள்வியில் யாரும் பெரிதாக முட்டிக்கொள்ள மாட்டார்கள், பாதம் சூடாக இருக்கிறதா இல்லையா என்பது கையில் தெரியும். எலும்பு குறைந்திருக்கிறதா என்பது எக்ஸ்ரேயில் தெரியும். சதைக் கேள்வியில் மட்டும் பழைய சண்டை அப்படியே தொடரும். அதனால் என்ன, சண்டை எங்கே என்றாவது தெரிகிறதே. குஸ்டிலோவில் நீங்கள் ஏ என்றும் நான் பி என்றும் சொன்னால், தோலில் வேறுபடுகிறோமா சதையிலா அழுக்கிலா என்பதே தெரியாது.

குறை: ஐந்து எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அது சொல்வதில்லை. ‘2, 2, 1, 3, 1’ என்று போனில் சொன்னால் லாட்டரி எண் மாதிரி இருக்கிறது. எந்த எண் எந்தக் கேள்விக்கு என்று வரிசை மாறினால் தொலைந்தது. எங்கள் துறைத் தலைவருக்கும் இது பிடிக்கவில்லை. “நீ பேசுவது யாருக்கும் புரியாது, பேச்சு மொழியை மாற்றுகிறாய்” என்றார். பேச்சு மொழி என்று அவர் சொன்னது சரிதான். ஒரு துறை மட்டும் தனக்கென்று பாஷை வைத்துக்கொண்டால் கேஸ் அனுப்புகிற நாலு ஆஸ்பத்திரியும் குழம்பும்.

மூன்றாவது கங்கா. புடவை எடுக்கவும் கல்யாணத்துக்கும் கோயம்புத்தூர் போய் வருகிற நம்மவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், எலும்பு முறிவு உலகத்தில் அந்த ஊர்ப் பெயர் லண்டனிலும் ஒலிக்கிறதென்று? கங்கா ஆஸ்பத்திரியில் எலும்புக்கு ராஜசேகரன், பிளாஸ்டிக் சர்ஜரிக்கு ராஜ சபாபதி, அண்ணன் தம்பிகள். ஒருவர் எலும்பைப் பார்க்க, அதே மேசையில் இன்னொருவர் போர்த்தும் சதையைப் பார்க்கிற ஏற்பாடு அங்கே. 3ஏ, 3பி எல்லைச் சண்டை எந்த இடத்தில் பிறக்கிறதோ, அந்த இடத்திலேயே இரண்டு துறையையும் நிற்க வைத்துவிட்டார்கள். நான் பொறாமைப்படுகிற ஏற்பாடு. அங்கிருந்து 2006இல் வந்தது இந்த ஸ்கோர், டிபியாவில் 3ஏ, 3பி முறிவுள்ள 109 பேரை வைத்து.

இதில் கூட்டல் உண்டு. மூடுகிற தோலுக்கு 1 முதல் 5, எலும்புக்கு 1 முதல் 5, சதை, தசைநாண், நரம்புக்கு 1 முதல் 5. அதற்கு மேல், ஒவ்வொரு பாதகமான சூழலுக்கும் 2: பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதம், சாக்கடை அல்லது வயல் அழுக்கு, 65 வயதுக்கு மேல், மருந்து சாப்பிடும் சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் 90க்குக் கீழே இறங்கியது, இப்படி ஏழு. சாக்கடைக்குத் தனி இடம் கொடுத்திருப்பதைப் பார்த்தபோதே நம் ஊர்த் தெருவைப் பார்த்தவர்கள் எழுதியது என்று பட்டது. சர்க்கரைக்கு இடம் கொடுத்திருப்பதும் அப்படியே. நம் வார்டில் நாற்பது வயதுக்கு மேல் படுத்திருக்கும் தமிழர்களில் சர்க்கரை இல்லாதவரைத் தேடத்தான் வேண்டும்.

கங்காவின் கேள்விகளில் எனக்குப் பிடித்தது, ‘போதுமா’ என்று கேட்காமல் ‘எங்கே’ என்று கேட்பது. தோலுக்கு அது வைக்கும் கேள்வி இரண்டு: தோல் காணாமல் போயிருக்கிறதா, காயம் முறிவுக்கு மேலேயே இருக்கிறதா? தோல் போகவில்லை, முறிவுக்கு மேலும் இல்லை, 1. தோல் போகவில்லை, ஆனால் முறிவுக்கு மேல், 2. தோல் போய்விட்டது, முறிவுக்கு மேல் இல்லை, 3. தோலும் போய் முறிவுக்கு மேலும் இருந்தால் 4. காலைச் சுற்றி வளைத்துத் தோல் போயிருந்தால் 5. எலும்பு இழப்பிலும் நாலு சென்டிமீட்டர் என்று கோடு கிழித்திருக்கிறார்கள். ஸ்கேல் வைத்து அளக்கலாம். இந்த மாதிரிக் கேள்விக்கு ஐந்து பேரும் ஒரே பதில் எழுத வாய்ப்பு அதிகம். எங்கள் ஐவர் விளையாட்டில் தோலுக்கு ஐந்து சீட்டிலும் 4 வந்தது.

பையனுக்கு: தோல் 4, எலும்பு சிதறல் ஆனால் இழப்பில்லை 3, சதை 2, சாக்கடை 2. மொத்தம் 11. இந்த ஸ்கோரில் 14 வரை என்றால் காலைக் காப்பாற்றப் பாருங்கள், 17ம் அதற்கு மேலும் என்றால் காலை எடுப்பதே நல்லது, நடுவில் இருப்பது உட்கார்ந்து பேச வேண்டிய சாம்பல் பகுதி. மாமாவிடம் 52 சதவீதத்தைப் பற்றிப் பேசியதைவிட, ‘பதினொன்று, காப்பாற்றுகிற பக்கம்’ என்று சொன்னது எளிதாக இருந்தது. அவருக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

இந்த வேலைக்கு முன்னாலிருந்த மெஸ் ஸ்கோரைப் பற்றி ஒரு வார்த்தை. 1990இல் வந்தது, 7 வந்தால் காலை எடு என்றது. அமெரிக்காவில் எட்டுப் பெரிய விபத்து சிகிச்சை மையங்களில் நடந்த லீப் ஆய்வு 2001இல் இதுவும் இதன் சகோதரர்களும் நம்பி முடிவெடுக்கும் அளவுக்கு இல்லை என்று காட்டியது. ரத்தக்குழாய்க் காயத்தை மையமாக வைத்துப் பிறந்த ஸ்கோர் அது. 3பியில் தடுமாறுவதில் ஆச்சரியமில்லை. நான் அதைப் போட்டியில் சேர்க்கவே இல்லை.

கங்காவுக்கும் குறை உண்டு. டிபியாவின் 3ஏ, 3பிக்காகச் செய்தது. ரத்தக்குழாய் அறுந்த காலுக்கும், கைக்கும் அப்படியே தூக்கிப் போட முடியாது. ‘தைத்துச் சரி செய்யக்கூடிய தசையா, முடியாததா’ என்ற கேள்வியில் மீண்டும் அனுபவமும் கண்ணும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. பையனின் சதைக்கு நான் 2 போட்டேன், என் சகா 3 போட்டார். ஆனால் கூட்டினால் 11, 12, இரண்டும் ஒரே பக்கம்தான். உறுப்புகளில் ஒன்றிரண்டு புள்ளி பிசகினாலும் முடிவு அசையாமல் இருப்பது கூட்டல் ஸ்கோரின் சௌகரியம். 14, 15இல் நிற்கும் காலுக்கு அந்தச் சௌகரியமும் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அப்புறம், இது முழுக்கத் தியேட்டர் ஸ்கோர். நள்ளிரவில் பெருநிலத்து அவசரப் பிரிவில் நிற்கும் டாக்டரிடம் பத்துக் கேள்வி கொண்ட கணக்கைக் கொடுத்தால், அவர் ஊகித்து எழுதுவார். ஊகத்துக்கு எண் கொடுத்தால் எல்லோரும் அதை உண்மை என்று நம்புவார்கள். அது இன்னும் ஆபத்து.

மூன்றையும் ஒரே கட்டத்துக்குப் போட்டி போட வைத்ததே என் பிழை என்று இங்கே வந்த பிறகுதான் புரிந்தது. அவசரப் பிரிவுக்கு என்ன தெரிய வேண்டும்? எந்த மருந்து, எவ்வளவு சீக்கிரம், யாரை எழுப்ப வேண்டும். இதற்குத் தரமே தேவையில்லை. முதல் ஆன்டிபயாடிக்கை ஒரு மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும், தரத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. தியேட்டருக்கு என்ன தெரிய வேண்டும்? எப்படி மூடுவது, காலை வைத்துக்கொள்ளலாமா. இதற்குக் கங்கா. அலுவலகத்துக்கு, போன வருஷத்தோடும் மற்ற ஆஸ்பத்திரிகளோடும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு என்ன வேண்டும்? எல்லோருக்கும் தெரிந்த குஸ்டிலோ.

தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோவைப் பற்றியும் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்துக்கு இழப்பீடு உண்டு, தரத்தைக் குறைத்து எழுதினால் பையனுக்கு நஷ்டமாகாதா என்று. நிரந்தர இயலாமை எவ்வளவு என்பதை மருத்துவ வாரியம் சதவீதமாக மதிப்பிடும்போது பார்ப்பது, சிகிச்சைக்குப் பின் காலில் என்ன மிச்சம், அவனால் என்ன செய்ய முடிகிறது என்பதை. முதல் ராத்திரி எழுத்து 3ஏயா 3பியா என்பது அதைத் தீர்மானிக்காது. ஆனால் தாளில் ஒன்றும் டிஸ்சார்ஜ் அறிக்கையில் வேறொன்றும் இருந்தால், யாராவது ஏன் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், அதற்குத் தேதியும் நேரமும் போட்டு எழுதுவதே பதில்.

ஆகவே புதிய தாளில் ‘தரம்’ கட்டத்தை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் ஓடிஏயின் ஐந்து கேள்விகளை எண் இல்லாமல், வாக்கியமாக எழுதும்படி வைத்தேன். அழுக்கு எங்கிருந்து: தார் ரோடு, மண், லோங்காங், வயல், கடல்? பாதம் சூடா, நாடி உண்டா? எக்ஸ்ரேயில் எலும்புத் துண்டு குறைகிறதா? தோல் காணாமல் போனது போல் தெரிகிறதா? சதை என்ற வரிக்குப் பக்கத்தில் ‘தெரியவில்லை’ என்று ஒரு பதிலையும் அச்சிட்டேன், டிக் அடிக்க வெட்கப்படக் கூடாது என்பதற்காக. காயத்தைப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரே ஒரு படம், பிறகு உப்பு நீரில் நனைத்த துணி வைத்து மூடிவிட வேண்டும். தியேட்டரில் நாங்கள் கழுவி முடித்த பிறகு சர்ஜனும் உதவி டாக்டரும் ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்காமல் குஸ்டிலோ தரத்தை எழுத வேண்டும், டிபியா என்றால் கங்கா ஸ்கோரும். இருவர் எழுதியதும் வேறுபட்டால் இரண்டையும் வைத்திருப்போம், அடித்துத் திருத்த மாட்டோம்.

துறைத் தலைவர் ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: போனில் யாராவது 3ஏ என்று சொன்னால் ‘அப்படிச் சொல்லாதே’ என்று பாடம் எடுக்கக் கூடாது. கேட்டுக்கொண்டு, ‘எங்கே விழுந்தான்?’ என்று கேட்டால் போதும். மூத்த நர்ஸ் அக்கா சேர்த்தது ஒரு வரி, முதல் ஆன்டிபயாடிக் ஏற்றிய மணி. “மத்ததெல்லாம் நீங்க சண்டை போட்டுக்கலாம் டாக்டர், இதுல சண்டையே வராது.” ஆறு வரியில் அந்த வரிதான் எல்லாவற்றிலும் உபயோகம் என்று இப்போது எனக்குச் சந்தேகம்.

முதல் தாள் போன வாரம் வந்தது. பட்டியலில் ‘வயல்’ என்பதைச் சுற்றி வட்டம், நாடி உண்டு, சதை ‘தெரியவில்லை’, மருந்து ஏற்றிய மணி 7.40. ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ‘3ஏ?’ என்று எழுதியிருந்தது. கேள்விக்குறி இதற்கு முன் எந்தத் தாளிலும் வந்ததில்லை.